இரண்டு மணி மேடு

குத்தாய்சியில், ரியோனி ஆற்றைப் பார்த்த
அந்தப் பிரசவ விடுதிக்கு என்னைக் கூப்பிட்டது
இரைச்சலுக்காக.
ஸ்கேன் அறைக்கும் சர்வர் அலமாரிக்கும் நடுவே
வெறும் பலகைச் சுவர்.
பதினாறு குழி, பன்னிரண்டு வட்டு,
உள்ளங்கை அகலம்கூட இல்லாத மூன்று விசிறி.
ஊளையோ ஓநாய்க் கூட்டம்.

“வயிற்றில் கருவியை வைத்துப் படம் சேமித்தால் போதும்,
எகிறுகிறது, ஏத்தேரி” என்றார் மருத்துவர் லமாரா.
“பிள்ளையின் இதயம்தான் இப்படி அடிக்கிறதென்று
நேற்று ஒருத்தி கட்டிலைவிட்டு இறங்கிவிட்டாள்.”

மெல்லச் சுழலும் விசிறிகளை வாங்கி மாட்டினேன்.
அமைதி.
எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது.
அக்ரோட்டைக் கோத்துத் திராட்சைப் பாகில் தோய்த்த சரம் ஒன்றை
கழுத்தில் போடாத குறையாகக் கையில் திணித்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.
தின்றும் விட்டேன்.

நான்காம் நாள் ஏழாம் வட்டு செத்தது.
ஆகஸ்ட் மாதம். அறுபத்து மூன்று டிகிரி.
என் விசிறிகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன,
சுழன்றதோடு சரி.
வட்டுக்கும் வட்டுக்கும் இடையே
விரல் நுழையாத சந்து.
அதற்குள்ளிருந்து காற்றை உறிஞ்ச
நெஞ்சுரம் வேண்டும்.
பழைய ஓநாய்களுக்கு அது இருந்தது.

புது வட்டைச் செருகினேன்.
மற்ற பதினொன்றும் சேர்ந்து
செத்ததை முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கின.
எழுத எழுதச் சுட்டன.
பதறி மூடியைக் கழற்றினேன்,
மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன்.
இன்னும் ஏறியது.
கூரையே திறந்துகிடக்கும்போது
சந்துக்குள் போகக் காற்றுக்கு என்ன தலையெழுத்தா?

மூடினேன். ஓநாய்களைத் திரும்பக் கட்டினேன்.
விடியும்வரை அவை ஊளையிட
பலகைக்கு அப்பால் யாரோ பெற்றார்கள்.
முதல் அழுகை எனக்குக் கேட்கவில்லை.
தொண்ணூற்றாறு சதவீதம் என்று திரை சொன்ன நேரம்
தாதி எட்டிப்பார்த்து உதட்டை அசைத்தாள்:
பெண்.

பிறகு செய்ததெல்லாம் சில்லறை வேலை.
காலிக் குழி நான்கையும்
பழைய எக்ஸ்ரே தகட்டை வெட்டி அடைத்தேன்
(யாருடைய விலாவோ, மன்னிக்க வேண்டும்).
கம்பி நுழையும் ஓட்டைகளுக்கு ஒட்டுநாடா.
இதுவரை செயலியின் சூட்டைக் கேட்டு ஓடிய விசிறியிடம்
இனி வட்டைக் கேள் என்று
நாற்பது வரி எழுதிவைத்தேன்.
வேறு வழியில்லை என்றானதும்
காற்று போக வேண்டிய இடத்தில் போனது.
வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.

அமைதி என்று சொல்ல மாட்டேன்.
கொதிக்கப்போகும் கெண்டியின் முணுமுணுப்பு.
லமாரா தோளைக் குலுக்கினார்.
அவரிடம் அது சம்மதம்.

ஜனவரி. வரைபடத்தில் ஒரு மேடு.
தினமும் இரவு இரண்டு மணிக்கு நான்கு டிகிரி ஏற்றம்,
ஐந்தரைக்கு இறக்கம்.
அந்நேரம் எந்த வேலையும் ஓடவில்லை.
விசிறியைச் சந்தேகித்தேன், சென்சாரை,
கடைசியில் என் நாற்பது வரியை.
ஓர் இரவு கம்பளிக்குள் புதைந்து நேரில் போனேன்.

அலமாரியின் முதுகில்
வெந்காற்று வெளியேறும் சல்லடை முழுக்கத்
துவைத்த குல்லாய்கள்.
பதினொன்று.
ஒவ்வொன்றும் ஒரு சாத்துக்குடிக்குச் சரியாக இருக்கும்.
சியாலா, அதே தாதி,
கதவருகே கையைப் பிசைந்தபடி.
ஹீட்டரில் போட்டால் விறைத்துவிடுகிறதாம்.
இங்கே பஞ்சாகக் காய்கிறதாம்.

திட்டுவதற்கென்றே பனியில் நடந்து வந்த வாய்.
ஒரு முழம் தள்ளி ஆணி அடித்து
கயிறு கட்டிக் கொடுத்தேன்.

இப்போது மேடு இல்லை.
இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால்
பழக்கதோஷம், திரையைத் திறக்கிறேன்.
கோடு நேராக ஓடுகிறது.
குல்லாய் காய்ந்ததா என்று
அதில் தெரிவதில்லை.